எழுத்து வார்த்த கதை

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "சார், கொஞ்சம் ஜாலியா பேசுங்க" என்றும் சொல்லியிருக்கிறார். நான் பேசப்போவது ஈயத்தைப் பற்றி. ஈயத்தில் என்ன ஜாலி இருக்கப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். இந்தக் கல்லூரியில் 1972-ல் வேதியியல் முடித்துவிட்டு வெளியே போனவன், சென்னையில் ஒரு எழுத்து வார்ப்புச் சாலையில் உலோகம் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். டைப் பவுண்டரி என்போம். அச்சகங்களுக்கு வேண்டிய ஈய எழுத்துகளை வார்த்து எடை போட்டு விற்கிற இடம். அந்தச் சாலை இன்று இல்லை. அந்தத் தொழிலும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இதை இன்றைக்கு ஏன் பேச வேண்டும்? நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நம் பழைய அச்சுக்கூடத்தைக் காலி செய்யப் போகிறார்கள் என்று போன மாதம் வந்த சங்கச் சுற்றறிக்கையில் படித்தேன். அங்கே பூட்டிக் கிடக்கும் எழுத்துக் கேஸ்களை எடைக்குப் போடுவதாகத் தகவல். நிர்வாகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இடம் வேண்டும், அது நியாயமான தேவை. ஆனால் எடைக்குப் போகிற பொருள் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு போடலாம் அல்லவா? அதைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

ஒரு எழுத்தின் உடம்பு

இதோ என் கையில் இருப்பது ஒரு 'ழ'. பன்னிரண்டு பாயிண்ட். முன் வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புகிறேன். எல்லோரும் பாருங்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம்.

கைக்கு வந்ததும் முதலில் தெரிவது, எழுத்து இடம் வலம் மாறி இருக்கிறது. தாளில் நேராக விழ வேண்டுமானால் உலோகத்தில் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்னக் காடி இருக்கும். அதை 'நிக்' என்பார்கள். கம்பாசிட்டர் எழுத்தை எடுக்கும்போது முகத்தைப் பார்ப்பதே இல்லை. விரல் அந்தக் காடியைத் தடவும். காடி எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எழுத்து தலைகீழா நேரா என்பது தெரிந்துவிடும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்க, கை தானாக ஸ்டிக்கில் அடுக்கிக்கொண்டே போகும்.

அடுத்து உயரம். காலிலிருந்து முகம் வரை 0.918 அங்குலம். ஆங்கில, அமெரிக்க முறையைப் பின்பற்றிய அச்சகங்களுக்கெல்லாம் இதுதான் அளவு. ஒரு பக்கத்தில் இரண்டாயிரம் எழுத்து இருந்தால் இரண்டாயிரமும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடினால் காகிதத்தைக் குத்தும். குறைந்தால் மங்கலாக விழும். தலைமுடியின் தடிமனை விடவும் குறைந்த இந்த வித்தியாசத்தை அந்தக் காலத்து வார்ப்பு மேஸ்திரிகள் கட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். நாங்கள் கேஜ் வைத்துப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று எழுதிக்கொள்வோம். பி.எஸ்ஸி. பட்டத்தின் பயன் அவ்வளவுதான்!

எழுத்து எப்படிப் பிறக்கிறது? முதலில் பஞ்ச். மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுத்தை இடம் வலமாகச் செதுக்குவார். அடிக்கடி விளக்குச் சுடரில் காட்டி, புகைக்கரி படிந்த நுனியைத் தாளில் ஒற்றிப் பார்ப்பார். வளைவு சரியில்லை என்றால் மறுபடி அரம். திருப்தி வந்ததும் எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பிறகு பதம் பார்த்துக் கெட்டியாக்குவார்கள். அந்தப் பஞ்சை ஒரு செப்புக் கட்டியின் மேல் வைத்து அடித்தால் எழுத்து பள்ளமாகப் பதியும். அதன் ஓரங்களை ராவி, ஆழத்தைச் சரிசெய்தால் அதுதான் மேட்ரிக்ஸ், எழுத்தின் தாய் அச்சு. ஒரு நல்ல மேட்ரிக்ஸிலிருந்து ஆயிரக்கணக்கில் எழுத்து வார்க்கலாம்.

பஞ்ச் வெட்ட ஆள் கிடைக்காத இடத்தில் வேதியியல் கைகொடுத்தது. வார்த்த நல்ல எழுத்து ஒன்றைக் காப்பர் சல்பேட் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் அதன் முகத்தில் செம்பு படியும். தேவையான தடிமன் வந்ததும் உரித்தெடுத்து, பின்பக்கம் உலோகம் நிரப்பினால் மேட்ரிக்ஸ் தயார். இரண்டாம் ஆண்டில் ஃபாரடே விதியை மனப்பாடம் செய்தபோது 'இதனால் சோறு கிடைக்கும்' என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருப்பேன்.

மேட்ரிக்ஸ் எழுத்தின் முகத்தைத் தரும். உடம்பைத் தருவது மோல்டு. ஆங்கில 'எல்' வடிவத்தில் இரண்டு எஃகுத் துண்டுகள், ஒன்றோடொன்று பொருந்தி, விலகிச் சேரும்படி இருக்கும். 'ர'வுக்கு ஒடுக்கலாக, 'ஞ'வுக்கு அகலமாக வைத்துக்கொள்ளலாம். அகலம் எவ்வளவு மாறினாலும் மேல்கீழ் அளவு மாறாது. அதனால்தான் எந்த எழுத்தை எடுத்து எதன் பக்கத்தில் வைத்தாலும் வரி நேராக நிற்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக அச்சுக்கலை நின்றது இந்தச் சின்ன யுக்தியின் மேல்தான்.

கைவார்ப்பில் ஒரு ஆள் கரண்டியால் உருகிய உலோகத்தை ஊற்றி, அதே நொடியில் மோல்டை மேல் நோக்கி ஒரு உலுக்கு உலுக்குவார். அந்த உலுக்கில்தான் உலோகம் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாயும். தேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு நாலாயிரம் எழுத்து வரை வார்ப்பார் என்பது கணக்கு. 1838-ல் அமெரிக்காவில் டேவிட் புரூஸ் என்பவர் இதற்கு இயந்திரம் கண்டு காப்புரிமை பெற்றார். பம்பு உலோகத்தைத் தள்ளும். மோல்டு சாய்ந்து வாங்கிக்கொண்டு, விலகி, திறந்து, எழுத்தைத் துப்பும். அந்த நாலாயிரம் ஒரு மணி நேர வேலையாகச் சுருங்கியது. பிறகும் வேலை முடியாது. ஒவ்வொரு எழுத்தின் காலிலும் ஒட்டிக்கொண்டு வரும் வாலை ஒடிக்க வேண்டும். கால் சமமாக நிற்க, ஒடித்த இடத்தை இழைத்துக் காடி எடுக்க வேண்டும். பிசிறு தேய்க்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்து முகம் பார்க்க வேண்டும்.

மூன்று உலோகமும் இரண்டு எதிரியும்

ஈய எழுத்து என்று சொல்கிறோமே தவிர அது வெறும் ஈயம் இல்லை. வெறும் காரீயத்தில் வார்த்தால் நகத்தால் கீறலாம். நூறு தாள் அடிப்பதற்குள் முகம் மழுங்கிவிடும். ஆறும்போது சுருங்கி, எழுத்தின் ஓரம் உருண்டுவிடும். அதனால் ஆன்டிமனி சேர்க்கிறோம். அது கடினம் தரும், சுருக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஆன்டிமனி மட்டும் சேர்த்தால் கண்ணாடி மாதிரி ஒடியும். அதைச் சமாளிக்க வெள்ளீயம். அது உலோகத்துக்கு ஓட்டமும் உறுதியும் கொடுக்கும். நூற்றுக்கு 25 பங்கு அளவில் ஆன்டிமனி, 12 பங்கு அளவில் வெள்ளீயம், மீதி காரீயம் என்பது பவுண்டரி எழுத்துக்கு வழக்கமான ஒரு கணக்கு.

காரீயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232. ஆன்டிமனிக்கோ 630 வேண்டும். மூன்றையும் சரியான பங்கில் சேர்த்தால் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போய்விடுகிறார்கள். காரீயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 என்று கலந்தால் 240 டிகிரி பக்கத்திலேயே முழுக்க உருகி, அதே சூட்டில் முழுக்க உறையும். வேதியியல் மாணவர்களுக்குப் புரியும், அதுதான் யூடெக்டிக். ஒரு வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்துக்கு அந்தக் கலவை. வேகமாக உறைய வேண்டும் அல்லவா!

இனி எதிரிகள். ஒன்று காற்று. உலோகத்தை உருக்க உருக்க, மேலே சாம்பல் மாதிரி கசடு கட்டும். அதில் விலை உயர்ந்த வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்து போய்விடும். பழைய எழுத்தைப் பத்துத் தடவை உருக்கி வார்த்தால் பெயர்தான் டைப் மெட்டல், உள்ளே பாதிச் சத்து இருக்காது. போனதைக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பதுதான் என் வேலை. இன்னொரு எதிரி துத்தநாகம். அச்சகத்தில் படம் அடிக்கத் துத்தநாக பிளாக் இருக்கும். உடைந்த எழுத்தோடு அதில் ஒரு துண்டு தவறிக் கலந்து வந்துவிட்டால் போதும், பானை முழுக்கக் கெட்டியான கஞ்சி மாதிரி ஆகிவிடும். எழுத்தின் முகம் வாயே திறக்காது. சாக்கு சாக்காக வரும் பழைய உலோகத்தைக் கொட்டி, பிளாக் துண்டு இருக்கிறதா என்று கையால் துழாவியிருக்கிறோம்.

நனைந்த எழுத்தை உருகிய பானையில் போடக்கூடாது என்பது முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியாகி வெடித்தால் ஈயம் முகத்தில் தெறிக்கும். மழைக்காலத்தில் பழைய உலோகத்தை அடுப்பு ஓரத்தில் உலர்த்திய பிறகுதான் பானைக்குள் விடுவோம். இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் குறைவு. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

தமிழுக்கு எத்தனை அச்சு?

தமிழ் எழுத்து 247 என்று சின்ன வயதிலேயே ஒப்பித்திருக்கிறோம். பவுண்டரியில் கணக்கு வேறு. உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்த மெய் 18, அகர உயிர்மெய் 18. இகர ஈகார வரிசையில் சுழி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் தனித்தனியாக 36. உகர ஊகார வரிசை ஒவ்வொன்றும் ஒரு வடிவம்; அதுவும் 36. மிச்சத்தைக் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று நாலு துணை எழுத்து பார்த்துக்கொள்ளும். கூட்டினால் 125. கிரந்த எழுத்து, எண், நிறுத்தக்குறி, இடைவெளித் துண்டு எல்லாம் சேர்ந்தால் இருநூறை நெருங்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26 என்று முடித்துக்கொள்கிறவர்களுக்கு நம் கம்பாசிட்டரின் கேஸைப் பார்த்தால் தலை சுற்றும்.

இன்னொரு சங்கடம், நம் எழுத்துக்கு மாடியும் உண்டு, நிலவறையும் உண்டு. மேலே புள்ளிக்கும் இகரச் சுழிக்கும் இடம் விட வேண்டும். கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் வளைவுக்கு இடம் விட வேண்டும். நடுவில் மிஞ்சுவதில்தான் எழுத்தின் உடல். அதனால்தான் பன்னிரண்டு பாயிண்ட் ஆங்கிலத்தின் பக்கத்தில் அதே பாயிண்ட் தமிழ் இளைத்துத் தெரியும்.

எந்த எழுத்து எத்தனை வார்ப்பது என்பதும் ஒரு கலை. எழுத்துகள் எடைக் கணக்கில் விற்கும். ஆனால் எல்லாவற்றையும் சம எடையில் கொடுத்தால் அச்சகக்காரர் சண்டைக்கு வருவார். 'து', 'ம்', 'க்', 'ல்' எல்லாம் குவியலாக வேண்டும். ஙகர வரிசையில் 'ங்' ஒன்றுக்குத்தான் வேலை, மற்றவை இலக்கணப் புத்தகம் அடிக்கிறவருக்கு ஒன்றிரண்டு போதும். தமிழ் வாக்கியம் எப்படி முடிகிறது, எந்த வேற்றுமை உருபு அதிகம் வருகிறது என்பதை மொழியியல் படிக்காமலேயே தராசு வைத்துக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில் 1978-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக வெளியிட்டது. ணா, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவம் போய், இப்போது நீங்கள் எழுதும் வடிவம் வந்தது. காகிதத்தில் பதின்மூன்று. உலோகத்தில் பார்த்தால் ஏழே ஏழு அச்சு. எப்படி என்கிறீர்களா? 'ணொ'வும் 'ணோ'வும் கொம்பு ஒன்றை முன்னால் வைத்துப் பழைய 'ணா'வைப் பின்னால் வைத்தால் வந்துவிடும். ஆகவே ணா, றா, னா மூன்றும், தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை நான்கும்தான் உண்மையில் தனி அச்சு.

ஏழு அச்சு குறைந்ததில் எங்களுக்கு வேலை குறைந்ததா? கூடியது! 'அவனை', 'வேலை', 'இல்லை' என்று வரிக்கு வரி வரும் இந்த ஐகாரங்களெல்லாம் இப்போது தனி ஐகாரக் கொம்பைக் கேட்டன. பழைய கணக்கில் வாங்கிய கேஸில் அந்தக் கொம்பு பாதிப் பக்கத்திலேயே தீர்ந்துபோனது. 'ஐகாரக் கொம்பு மட்டும் அவசரமாக' என்று அச்சகங்களிலிருந்து ஆர்டர் வந்தபடி இருந்தது. பழைய எழுத்தை உடனே தூக்கிப் போட வசதியில்லாத சின்ன அச்சகங்கள் சில வருஷம் இரண்டையும் கலந்தே அடித்தன. ஓர் ஆணை மக்கள் கைக்கு வந்து சேர எவ்வளவு உலோகம் உருக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நானூறு வருஷத்துக்கு முன்

தமிழ் எழுத்தை வார்ப்பது புதிதாக வந்த பழக்கம் இல்லை. 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அன்றிக் அன்றீக்கஸ் அடிகளார் செய்த மொழிபெயர்ப்பு. அதற்கு ஜோவான் கொன்சால்வஸ் 1577-ல் கோவாவில் வார்த்த எழுத்தும் உண்டு, ஜோவான் தெ ஃபாரியா 1578-ல் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் உண்டு. இந்திய மொழி ஒன்றின் எழுத்து இந்திய மண்ணிலேயே உலோகத்தில் வார்க்கப்பட்டு அச்சேறியது அதுதான் முதல் தடவை. அந்த எழுத்தில் புள்ளி கிடையாது. ஓலையில் எழுதிய வழக்கப்படியே வார்த்தார்கள். பிற்காலத்தில் மெய்க்கெல்லாம் புள்ளி வைப்பது என்று ஆனபோது, வார்ப்பவருக்கு அது பதினெட்டுப் புது அச்சு.

1679-ல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயன்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அச்சானது. எழுத்தைச் செதுக்கியவர் இக்னாசியு ஆச்சாமணி என்று பெயர் நிலைத்திருக்கிறது. எழுத்துச் செய்தவரின் பெயர் நமக்குக் கிடைப்பதே அபூர்வம்.

பிறகு தரங்கம்பாடி. சீகன்பால்குவுக்காக ஜெர்மனியில் ஹாலே நகரில், அனுப்பி வைத்த மாதிரியைப் பார்த்துத் தமிழ் எழுத்துகளைச் செய்து 1713-ல் அனுப்பினார்கள். எழுத்து பெரிதாக இருந்தது. பைபிளை அதில் அடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? அங்கிருந்த ஆட்லர் என்பவர் உள்ளூரிலேயே சின்ன எழுத்தாக வார்த்தார். உலோகத்துக்கு என்ன செய்தார்? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டியைச் சுற்றியிருந்த ஈய உறைகளை உருக்கிக்கொண்டார் என்று அந்த மிஷன் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது எடுத்துவந்த அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்கு வந்து ஃபப்ரீஷியஸ் கைக்குப் போனது. அடுத்த நூற்றாண்டில், சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் பொறுப்பில் 1862-ல் வின்ஸ்லோ அகராதி வந்தது. நம் நூலகத்தில் அதன் மறுபதிப்பு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவ்வளவு சொல்லையும் ஒரே புத்தகத்தில் அடக்குவதற்கு எழுத்து எவ்வளவு சிறுத்து, எவ்வளவு தெளிவாக நிற்க வேண்டியிருந்தது என்பது புரியும்.

இப்படி வந்த தொழில் முடிந்தது மிக வேகமாக. எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்தன. தொண்ணூறுகளில் ஈயம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. கம்பாசிட்டர்கள் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள், ஈயத் தூசி உள்ளே போனது, கூலியும் குறைவு. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று அவர்களில் ஒருவர் கூட என்னிடம் சொன்னதில்லை. 

வருத்தம் வேறு இடத்தில். நான் வேலை பார்த்த சாலையை மூடியபோது எழுத்து எல்லாம் ஈய விலைக்குப் போனது. அது சரி, எழுத்து உருகத்தான் செய்யும். தேய்ந்த எழுத்தை வாங்கி உருக்கிப் புது எழுத்து வார்ப்பதுதான் எங்கள் பிழைப்பே. ஆனால் மேட்ரிக்ஸ்களும் செம்பு விலைக்குக் காயலான் கடைக்குப் போயின. பல தலைமுறை கண்ணும் கையும் சேர்ந்து தீர்மானித்த 'ழ'வின் வளைவு, கிலோ இவ்வளவு என்று போனது. இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 1892-ல் இருபத்து மூன்று வார்ப்புச் சாலைகள் சேர்ந்து உருவான அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் 1993-ல் திவாலாகி ஏலம் போனபோதும் நிறைய மேட்ரிக்ஸ்கள் பழைய உலோகமாகத்தான் போயின. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரில் மட்டும் பிளான்டின்-மொரேட்டஸ் குடும்பத்தார் பதினாறாம் நூற்றாண்டுப் பஞ்சுகளையும் மேட்ரிக்ஸ்களையும் வீட்டோடு காத்து வைத்தார்கள். இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். 

நான் கேட்பது

நம் அச்சுக்கூடத்துக்கு வருகிறேன். நேற்று முதல்வர் அனுமதியோடு உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பதில் முக்கால்வாசி தேய்ந்த எழுத்து. லெட், குவாட் என்று இடைவெளித் துண்டுகள் வேறு மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடலாம். கிடைக்கும் பணம் மாணவர் உதவி நிதிக்குப் போகட்டும். ஆனால் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: இடது சுவரோரம் இருக்கும் இரண்டு கேஸ்களில் பழைய வடிவ எழுத்துகள் இருக்கின்றன. தும்பிக்கை 'லை'யும் சுழித்த 'னா'வும் அதில் முழுதாகக் கிடக்கின்றன. 1978-க்குப் பிறகு அவற்றை வார்க்கும் அவசியமே இல்லாமல் போனது. அந்த இரண்டு கேஸையும், ஒரு ஸ்டிக், ஒரு கேலி, அந்த டிரெடிலையும் விட்டு வையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை போதும்.

இரண்டு: எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நாள் தமிழ்த் துறை மாணவர்களை உள்ளே விடுங்கள். ஒவ்வொரு கேஸிலிருந்தும் நல்ல எழுத்தைப் பொறுக்கி ஒரு பக்கம் அடுக்கி, ஒரு தாள் அடித்து எடுக்கட்டும். எந்தெந்த எழுத்து, எந்த உருவில், எத்தனை பாயிண்டில் இருந்தது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. உலோகம் போனாலும் வடிவம் நிற்கும். நம்முடைய கல்லூரி மலர்கள் அந்த எழுத்தில்தான் அச்சாயின. என் முதல் கவிதையும் அதில்தான் அச்சானது. அதைத் தேடிப் படிக்க வேண்டாம்.

மூன்றாவது ஒரு கோரிக்கையும் வாக்குறுதியும் சேர்ந்தது. எங்கள் சாலையை மூடிய அன்று, பதினான்கு பாயிண்ட் தமிழ் மேட்ரிக்ஸ் ஒரு செட்டை அதே செம்பு விலை கொடுத்து நான் வாங்கி வைத்தேன். என் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எனக்குப் பிறகு அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாசலில் பேரீச்சம்பழக்காரர் வருவார், ஈயம் பித்தளையோடு அதுவும் போகும். என் பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. அந்த அறை உறுதி என்று சங்கம் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெட்டியை அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

வார்க்கும் இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் கை மோல்டு ஒன்றைச் செய்வது முடியாத காரியமில்லை. இங்கே படித்துவிட்டு இயந்திரத் தொழிலுக்குப் போன பழைய மாணவர்கள் இந்த அரங்கிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஆயிரத்தில் ஒரு அங்குலம் துல்லியம் உங்களுக்கு இன்று சாதாரணம். மோல்டை நீங்கள் செய்யுங்கள். உலோகக் கணக்கு நான் சொல்கிறேன். வேதியியல் துறையின் புகைபோக்கி அடுப்பில், ஆசிரியர் மேற்பார்வையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மாணவரும் தன் பெயரின் முதல் எழுத்தை வார்த்துப் பார்க்கட்டும். ஈயத்தில் பயப்பட வேண்டியது புகையை விடக் கசடுத் தூசியைத்தான். அடுப்புப் பக்கம் தின்பண்டம் கூடாது, கை கழுவாமல் வெளியே வரக்கூடாது, சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. இந்த விதிகளை நானே எழுதிச் சுவரில் ஒட்டித் தருகிறேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரலை விரித்தால் போதும். எங்கள் காலத்தில் பன்னிரண்டு பாயிண்ட் பதினான்காக வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் புது பஞ்ச், புது மேட்ரிக்ஸ், புது வார்ப்பு. அதனால் எங்களை விட நீங்கள் குறைந்தவர்கள் என்று அர்த்தமில்லை. இன்று கணினியில் தமிழ் எழுத்துரு வரைகிற இளைஞர்கள் சிலர் பழைய ஈய எழுத்து அடித்த தாளைத் தேடி வருகிறார்கள். 'ணு'வின் வால் எவ்வளவு இறங்கலாம், புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருக்கிறது. அவர்கள் வந்து கேட்கும்போது நம்மிடம் காட்ட ஒரு கேஸாவது இருக்க வேண்டும்.

எடைக்காரர் வருகிற தேதி அடுத்த மாதம் பதினைந்து என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் செயற்குழு ஒரு தடவை கூடும். முடிவை உங்கள் கையில் விடுகிறேன். இந்த அரங்கில் கையெழுத்து வாங்க ஒரு தாள் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் வழியில் வாசல் பக்கத்து மேசையில் இருக்கும்.

அந்த 'ழ' இப்போது எந்த வரிசையில் இருக்கிறது? பின்னாலா? சரி, மெதுவாக வரட்டும்.